கழுகு தவறவிட்ட இரண்டு வசனங்கள்

எங்கள் அச்சகத்தில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை ரேடியோ என்பார்கள். பெயர் வைத்தவன் மெஷின் ஓட்டுகிறவன். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனாலும் பொருத்தமாகத்தான் வைத்தான். காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை நான் பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பேன். அவள் எதிரே உட்கார்ந்து, புதிதாக அடித்து வந்த புரூஃபைப் பார்ப்பாள்.

வேதத்துக்கு, அதாவது பைபிளுக்கு, பிழை திருத்துவது இப்படித்தான், இரண்டு பேராக. வசன எண், காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உணர்ச்சியோடு வாசிக்கவே கூடாது. மனம் கதைக்குள் போய்விட்டால் கண் பிழையைத் தானே சரிசெய்து படித்துவிடும். அதனால் கொலையோ கல்யாணமோ, எல்லாவற்றையும் பஸ் நேரம் அறிவிக்கிறவளைப் போல ஒரே குரலில் வாசிப்பேன். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவாள். கேட்டேன், பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பத்தொன்பது வருஷம் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்து மூன்று பதிப்புகளை முடித்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது.

கழுகுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது. தலை வாரிவிடுவது, பாடம் சொல்லிக்கொடுப்பது, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எல்லாம் அத்தைதான். மற்றபடி கல்லுளிமங்கி. கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டாள். பேப்பர் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் நுழைந்தால் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கட்டைத் தள்ளிவைப்பாள். "யார் வந்து உன்னைத் தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்று நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு அவள் நிலைகொள்ளாமல் தவிக்க ஆரம்பித்தாள். "வீட்டுக்குச் சித்தப்பா வந்திருக்காரு அக்கா" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய அப்பாவின் தம்பி. எழுபதை நெருங்குகிற ஆள், மனைவி இறந்துவிட்டாள், இடுப்பில் ஏதோ வைத்தியம், தனியாக இருக்க முடியாது என்று அண்ணன் கூட்டிவந்து கூடத்தை ஒட்டிய அறையைக் கொடுத்திருக்கிறான். சரி, விருந்தாளி வந்தால் வேலை கூடத்தானே செய்யும் என்று நினைத்தேன். ஆனால் அவள் தினமும் மூன்று மணிக்கே பர்மிஷன் கேட்டு ஓடினாள். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். பெண் வீட்டுக்குள் கால் வைக்கும்போது இவள் வாசலில் நிற்க வேண்டும். ஒருநாள் பஸ் தாமதமாகி வந்தபோது சாலை ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள் என்று மெஷின்காரன் சொன்னான். நான் கேட்டதற்கு வெயில் என்று மென்று முழுங்கினாள்.

அடுத்த வாரம் பரீட்சை தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கே பள்ளிக்கூடம் விட்டுவிடும். முதல் நாள் பதினொன்றரைக்குக் கிளம்புவதாக முதலாளியிடம் முன்னதாகவே சொல்லிவைத்திருந்தாள். கால அட்டவணையை மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்கு முதலாளி எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. போன வருஷம் வெளியான எங்கள் பதிப்பை வாங்கிய ஒரு பெண் எழுதியிருந்தாள். கோபமாக எழுதவில்லை, அதுதான் என்னவோ செய்தது. அரசனின் மகள் கதை வருகிற அதிகாரத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லையே, என் அம்மாவின் பழைய புத்தகத்தில் பேசுகிறாளே, அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று கேட்டிருந்தாள்.

அந்தக் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசனுக்குப் பல மனைவிகள், பல பிள்ளைகள். ஒருத்திக்குப் பிறந்த மகன், இன்னொருத்திக்குப் பிறந்த மகள்மேல் கெட்ட ஆசை வைக்கிறான். நோய் வந்தவன் போலப் படுத்துக்கொள்கிறான். தங்கை வந்து என் கண் முன்னால் சமைத்துத் தன் கையால் கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்கிறான். அரசனே ஆள் அனுப்பி மகளைப் போகச் சொல்கிறான். அவள் போகிறாள். அவன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளைப் பிடிக்கிறான். அவள் சும்மா இருக்கவில்லை. வேண்டாம் என்கிறாள், இது அக்கிரமம் என்கிறாள், இந்த அவமானத்தை எங்கே கொண்டுபோவேன் என்று கேட்கிறாள், தப்பிக்க ஒரு வழியையும் அவனுக்கே யோசித்துச் சொல்கிறாள். பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய இரண்டு வசனங்களும் அவளுடைய பேச்சுத்தான். பதினான்காவதில் அவன் அவளுடைய பேச்சைக் கேட்கவில்லை.

எங்கள் புத்தகத்தில் பதினொன்றுக்கு அடுத்தது பதினான்கு. பேசாத பேச்சை அவன் கேட்கவில்லை என்று அச்சாகியிருந்தது.

முதலாளி பழைய புரூஃபை எடுத்து மேஜைமேல் போட்டார். அடித்த பையன் இரண்டு வசனங்களைத் தாண்டிப் போயிருக்கிறான், அது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் ஓரத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில், எழுத்தே இல்லாத இடத்தில், இரண்டு டிக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. நான் அந்த இரண்டு வசனங்களையும் வாசித்திருக்கிறேன். அவள் காதில் வாங்கி, கண்ணெதிரே இல்லாத வசனத்துக்குச் சரி போட்டிருக்கிறாள். எண் இரண்டு குறைந்தால் பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். கழுகு கண்டுபிடிக்கவில்லை.

"தூங்கிட்டு இருந்தீங்களா ரெண்டு பேரும்? நாலாயிரம் பிரதி போயிருக்கு! இதை யாரு திருப்பி வாங்கறது?" முதலாளி கத்தினார். கெட்ட மனிதர் இல்லை. வேதத்தில் கை வைத்தோம் என்ற பயம் அவருக்கு.

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். கழுகு அந்த இரண்டு டிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் மணி பதினொன்று ஐம்பது.

"சார், நான் போகணும்" என்றாள்.

"எங்க போகணும்? இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

"சார், போகணும்."

"ஒரு மணி நேரம் உட்காருங்க. திருத்தச் சீட்டு அடிச்சு இன்னைக்கே அனுப்பணும். குடி முழுகிப் போகாது."

அவள் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அப்போதும் உயரவில்லை. நான் வாசிக்கிற அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னாள்: "எனக்குப் பதிமூணு வயசுல இது நடந்தது சார். செஞ்சவர் என் சித்தப்பா. இப்போ எங்க வீட்ல இருக்காரு. பன்னெண்டு மணிக்கு ஸ்கூல் விட்டதும் எங்க அண்ணன் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவா."

முதலாளி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. இரண்டு பேரும் படியிறங்கி ஓடினோம்.

ஆட்டோவில் ஏறியதும் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவனுக்கு வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இரும்புச் சாமான் கடை. அவன் பேசியது எனக்கும் கேட்டது. "அவரே எழுந்திருக்க முடியாம படுத்திருக்காரு. நீ ஏன் இல்லாததைக் கற்பனை பண்ற? கடையில ஆள் நிக்கறாங்க, வை" என்றான். அண்ணிக்கு அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாலையில் தோண்டிப் போட்டிருந்தார்கள், வண்டி நகரவில்லை. நானே இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த நெரிசலில்தான் மீதியைச் சொன்னாள். அந்த அறையில் நடந்ததை அவள் சொன்ன வார்த்தைகளில் இங்கே எழுதமாட்டேன். எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் சொல்கிறேன். சித்தப்பாவுக்குக் காய்ச்சல். மாத்திரையும் வெந்நீரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பினாள்.

"அன்னைக்கே சொன்னேன் அக்கா. மறைக்கல. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! தண்ணிப் பானையைத் தூக்கிப் போட்டு உடைச்சாரு. வீடே நடுங்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நாலு நாள் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாங்க. நான்தான் பரிமாறினேன்."

அண்ணனுக்கு அப்போது பதினேழு வயது. அவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து தலையைத் தடவினானாம். சும்மா இரு, நம்ம சித்தப்பாதானே, மனசுல வெச்சுக்காத என்றானாம். அன்பாகத்தான் சொன்னான் என்றாள். அந்த அன்பை நினைத்து இத்தனை வருஷம் அவன் வீட்டில் இருந்திருக்கிறாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏனென்றால் இதை நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன். அரசன் கேள்விப்பட்டு மிகவும் கோபமடைந்தான், முற்றுப்புள்ளி. அவ்வளவுதான், அந்தக் கோபம் எழுந்து ஓரடிகூட நடக்கவில்லை. அவளுடைய கூடப்பிறந்தவன் வருகிறான். அவன் உன் சகோதரன், பேசாமல் இரு, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறான். அவள் அந்த அண்ணன் வீட்டிலேயே பாழாய்ப்போன வாழ்க்கை வாழ்கிறாள். அதற்குப் பிறகு ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள், பக்கம் பக்கமாகப் போகிறது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி கிடையாது. வேதத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எழுதியவன் அவளுடைய பேச்சையாவது எழுதி வைத்தான். அவளைப் பெற்றவனும் கூடப்பிறந்தவனும் செய்ததை ஒளிக்காமல் வைத்தான். நாங்கள்தான் அந்தப் பேச்சையும் தொலைத்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அவளுடைய கதையையே மூன்று முறை சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறேன், காற்புள்ளி உட்பட. ஒருமுறைகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. வாசலில் பெண்ணின் பள்ளி ஷூ ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தது. கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பார்க்க ஆள் இல்லை. பள்ளிப் பை நாற்காலியில் இருந்தது. சமையலறையில் யாரும் இல்லை. கூடத்தை ஒட்டிய அறையின் கதவு சாத்தியிருந்தது.

கழுகு அந்தக் கதவுக்கு நான்கடி முன்னால் நின்றுவிட்டாள். நான் தள்ளினேன், அவள் நகரவில்லை. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் கதவுக்கு எந்தப் பக்கம் நின்றாளோ அந்தப் பக்கத்துக்கே போய்விட்டாள் என்று நினைக்கிறேன். நான் பெரிய தைரியசாலி என்று நானே சொல்லிக்கொள்வேன். அந்த டிவி சத்தத்தில் எனக்கும் கை எழவில்லை. உள்ளே எதுவும் கேட்காததுதான் பயங்கரமாக இருந்தது.

அப்போது உள்ளே ஒரு டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது.

கழுகு போய்க் கதவை மோதினாள். கையால் தட்டவில்லை, உடம்பால் மோதினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. நானும் சேர்ந்து மோதினேன். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது.

எழுந்திருக்க முடியாதவர் கட்டிலைவிட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவர் கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பெண் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தாள். அவள் காலடியில் தண்ணீரும் மாத்திரைகளும் சிதறிக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் கையை விட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தார். "தலை சுத்துச்சும்மா, அதான் பிடிச்சேன்" என்று முனகினார். கழுகு அவரைப் பார்க்கவே இல்லை. பெண்ணை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"நான் வேணாம்னு சொன்னேன் அத்தை. கதவைத் திறங்கன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பிய்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ஒரு நிமிஷம் அவன் முகம் கறுத்தது. கிழவரை அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் போய் ஜன்னலைச் சாத்தினான்.

"மெதுவா. பக்கத்து வீட்ல கேக்கும்" என்றான். பிறகு மகளின் தலையைத் தடவினான். "ஒண்ணும் ஆகலதானே? தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல, ஏதோ தடுமாற்றம். மனசுல வெச்சுக்காதடா கண்ணு."

கழுகு அந்தக் கையைப் பிடித்து மகளின் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். அவ்வளவு மெதுவாக எடுத்தாள்.

அண்ணி காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றாள். பேய் அறைந்தவள் போலப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். நேரே மகளைப் பார்த்து, "கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுதான் மாத்திரை கொடுக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றாள்.

நாத்தனாருக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். புருஷன் எப்போதோ சொல்லியிருக்கிறான். கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. மகளை உள்ளே அனுப்பாமல் இருக்கும் அளவுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?" என்றாள் கழுகு. அண்ணி காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "பெரியவரு, வயசாயிடுச்சு, இனிமே என்னன்னு நினைச்சேன்" என்றாள்.

கழுகு வாசலில் கிடந்த ஷூக்களை எடுத்துப் பெண்ணுக்கு மாட்டிவிட்டாள். அண்ணன் வாசலை மறித்தான். "எங்க போற? குடும்ப மானத்தை வாங்கிடாத. இது என் வீடு" என்றான். "ஆமா, உன் வீடுதான்" என்று சொல்லிவிட்டு அவள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். நான் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டேன். இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

காவல் நிலையத்தில் பெண் அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தோம். கழுகின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது: அண்ணன், அண்ணி, மறுபடி அண்ணன். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு இனி அந்த வீட்டில் இடமில்லை. இந்தப் பெண்ணை அவர்கள் இவளோடு விடுவார்களா என்பதும் தெரியாது. யாராவது ஒரு உறவுக்காரன் வந்து சமாதானம் பேசி இழுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அத்தை, உங்களுக்கும் தாத்தா இப்படிச் செஞ்சாரா?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தையும் உன்னைப் போலச் சின்னப் பிள்ளையாக இருந்தாள், அவளைச் சொல்லவிடவில்லை, தினமும் உனக்காக ஓடி ஓடி வந்தாள், சாலையில் வாந்தி எடுத்தாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கழுகு கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"பயந்தேன்" என்றாள். "சொன்னா உங்க அப்பா வீட்டை விட்டு அனுப்பிடுவாரு, உன்னைப் பார்க்க முடியாதுன்னு பயந்தேன். சொல்லியிருக்கணும். தப்புதான்."

பெண் அத்தையின் தோளில் சாயவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். கழுகு அதையும் தாங்கிக்கொண்டாள்.

அதிகாரி வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. கதவைச் சாத்தட்டுமா என்று அவர் கேட்டபோது, கழுகு பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பெண் வேண்டாம் என்று தலையாட்டினாள். திறந்தே இருக்கட்டும் என்றார் அதிகாரி. யார் முதலில் பேசுவது என்று கேட்டார்.

"நான்" என்றாள் அந்தப் பெண், அத்தை வாயைத் திறப்பதற்கு முன்பே.